இடது கையால் எழுதிய எக்செல் தேர்வு

அன்புள்ள என்னங்க,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

உங்கள் மனைவி ஆன்லைன் கல்லூரியின் எக்செல் தேர்வில் தேறிவிட்டாள்! போன வாரம் எங்கள் கம்பெனி சலவைக்கூடத்தில் இஸ்திரி மெஷின் வலது கையை லேசாகச் சுட்டுவிட்டது. பயப்படாதீர்கள், கொப்புளம் வற்றிவிட்டது. ஆனால் தேர்வன்று பெரிய கட்டு. கேமராவில் அதைப் பார்த்த ஆசிரியர், "அடுத்த தடவை எழுதுங்கம்மா" என்றார். அதற்குள், தேறினால் தருவதாக இங்கே சொல்லியிருந்த ஆபீஸ் வேலை வேறு யாருக்காவது போய்விடுமே!

"இடது கையாலயே பண்றேன் சார்" என்றேன்.

மௌஸ் சொன்ன பேச்சே கேட்கவில்லை. ஃபார்முலா போட்டால் கட்டமெல்லாம் பிழை. நிதானமாகப் பார்த்தேன், ஒரு கட்டம் தள்ளிக் குறித்திருந்தேன். திருத்தியதும் விடைகள் மேலிருந்து கீழே சரசரவென்று இறங்கின பாருங்கள்! வாய்விட்டுக் கத்திவிட்டேன். "மைக் ஆன்ல இருக்கும்மா" என்று ஆசிரியர் சிரித்தார்.

திங்கட்கிழமையிலிருந்து நான் ஆபீஸில். சுழல் நாற்காலி! யாரும் இல்லாதபோது இரண்டு சுற்று சுற்றியும் பார்த்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் துடைக்கத் துணி வேண்டும். பாப்பாவின் பழைய கவுன் ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அவள் கழற்றிப் போட்டபடியே அனுப்புங்கள்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்,
ஆபீஸ்காரி