முதல் பரிசு வாங்கிய படம்

அன்புத் தங்கைக்கு,

நாலு சுவருக்குள் நடப்பதைப் பற்றி நீ எடுத்த படத்துக்கு உங்கள் இதழியல் துறையில் முதல் பரிசு என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். நானும் பார்த்தேன். என் முகத்தை மங்கலாக்கியிருந்தாய். குரலை அப்படியே விட்டுவிட்டாய்.

தையல் கூடத்தில் பக்கத்து மெஷின்காரி போனில் பார்த்துவிட்டு, "இது உன் குரல்தானேடி?" என்று கேட்டாள். ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே இல்லை என்றேன். வீட்டில் அப்படிச் சொல்ல முடியவில்லை. உன் அத்தான் நான் பேசும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்று சமையலறையில், "கேமராவை அணைச்சிட்டேன்க்கா, மனசுல இருக்கறதைச் சொல்லு" என்றாய். உன்னை நம்பித்தான் அழுதேன். ஒருவர் பேச்சைப் பதிவு செய்யும் முன் சம்மதம் கேட்க வேண்டும் என்று உன் பேராசிரியர் நடத்தியிருப்பார். அன்றைக்கு நீ வகுப்புக்குப் போகவில்லையோ என்னவோ.

குழந்தையோடு தோழியின் அறைக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போவதாக இல்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீயே சொல்லிவிடு. அடுத்தவர் கதையைச் சொல்லத்தானே படிக்கிறாய்.

இப்படிக்கு,
உன் அக்கா