நாந்தேன் போட்டேன்

11.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சத்யா எழுதுவது. சுகமாக இருக்கிறாயா? போனில் சொன்னால் "விடு சத்யா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் லீவு முடிந்து குவைத் திரும்பும் அய்யப்பனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுதாகப் படி.

இங்கே இரண்டு மழை பெய்துவிட்டது. அப்பா கடலைக்கு உழவு போட்டிருக்கிறார். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. காரணம் நான்தான்.

போன வாரம் கிராம சபையில் நம் ஊராட்சிக் கணக்கைப் போனில் திறந்து சத்தமாக வாசித்தேன். அரசாங்க இணையதளத்தில் எல்லாம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் தெருவில் வடிகால் கட்டி முடித்துப் பணமும் கொடுத்தாயிற்றாம். எங்கே அந்த வடிகால் என்று கேட்டேன். முன்னாள் தலைவர் ரெங்கராஜ் மாட்டுவான் என்று நம்பினேன்.

ஊராட்சி நம் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் அம்மா தலைவரானாள். நாற்காலி வந்தது, அவ்வளவுதான். பணத்தை விடுவிக்கும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி, அந்தப் பென்டிரைவ் மாதிரிச் சாமான், முதல் நாளிலிருந்தே ரெங்கராஜ் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஓ.டி.பி. மட்டும் அம்மா போனுக்கு வரும். அவன் கூப்பிடுவான். சிலிண்டர் போடுகிறவருக்குச் சொல்வதுபோல அம்மா நம்பரைச் சொல்லிவிடுவாள்.

நான் கேட்டதும் அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. "கையெழுத்து தலைவரம்மாவோடது. எங்கிட்ட எதுக்கு? அங்கிட்டுக் கேளு தாயி" என்று சிரித்தான். கூட்டமே அம்மா பக்கம் திரும்பியது. சாவி அவனிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் எழுந்து, "ஆமாங்க, நாந்தேன் போட்டேன்" என்றாள். வந்திருந்த அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "சாவியே எங்கிட்ட இல்லேன்னு சொன்னா, 'இதுகளுக்கு எதுக்கு நாற்காலி'ம்பாங்கெ. அடுத்து நம்ம தெருவுல எவளும் அதுல உக்கார முடியாது. திருடின்னே சொல்லிட்டுப் போகட்டும்டி" என்றாள்.

எல்லாரும் பார்க்கிற கணக்கில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது. அவன் பெயர் எங்குமே இல்லை. இது தெரிந்திருந்தும் கூட்டத்தில் வாசித்தேன். முதலில் அம்மாவிடம் பேசியிருக்க வேண்டும். என் கோபம்தான் எனக்குப் பெரிதாகப் போயிற்று.

வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை. பதவி போனால் போகட்டும். போலீஸ் கேஸ் ஆகும் என்கிறார்கள்.

தேர்தல் முடிந்த அன்றைக்கு, "அவுங்களோட மல்லுக்கட்டாதம்மா, அனுசரிச்சுப் போ" என்று அவளுக்குச் சொன்னது நீ. இன்றுவரை அதைத் தட்டவில்லை. அந்தச் சொல்லை நீயே திரும்ப வாங்கிக்கொள். சாவியைக் கொடுக்காதவனுக்குத்தான் கேவலம், உனக்கில்லை, விசாரணையில் உள்ளதைச் சொல்லிவிடு என்று அவளிடம் சொல். நான் சொன்னால் கேட்கமாட்டாள். அத்தனை பேர் முன்னால் அவளை எழுப்பி நிறுத்தியவள் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வியாழக்கிழமைக்குள் அம்மாவைக் கூப்பிடு அண்ணே.

உன் தங்கை,
சத்யா