ஒரு கை விடுபட்டிருந்தால்

மாத்தளை
2023 ஓகஸ்ட் 17

அன்பின் மாணிக்கத்துக்கு,

இன்று காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, கடையில் வேறு எவரும் இல்லாத வேளையில், நீண்ட ஆலோசனைக்குப் பின் ஒரு தீர்மானம் நிறைவேறியது: உனக்கு நீல மையில் எழுதுவது. கறுப்பு மை சங்கத்துக்கு விளக்கம் எழுத ஒதுக்கப்பட்டுவிட்டது. முன்மொழிந்தவனும் வழிமொழிந்தவனும் நானே. மனைவி என்ற முறையில் பீபி மட்டும், "ரெண்டு பேருக்கும் பைத்தியம்" என்று தன் கருத்தைப் பதிவுசெய்தாள்.

நீ என்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறாய். விசாரணை முடியும்வரை நடுவரும் முறைப்பாட்டாளரும் நேரிலோ தொலைபேசியிலோ பேசக்கூடாது என்று குத்துச்சண்டைச் சங்கம் அறிவித்திருக்கிறது. நாட்டில் தபால் கந்தோர் இன்னும் இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. ஆகவே பலாபத்வலைக்கு, பஸ்ஸில் கால் மணித்தியாலத் தூரத்துக்கு, முத்திரை ஒட்டுகிறேன்.

தம்புள்ளையில் சனிக்கிழமை நடந்த எட்டுச் சுற்றிலும் நான் சட்டப்படிதான் நடந்தேன். நீ பயிற்றுவிக்கும் தர்மேந்திரன் எதிராளியைக் கட்டிப்பிடித்தான், பிரித்தேன். திரும்பவும் பிடித்தான்; இரண்டு புள்ளி வெட்டினேன். அவ்வளவுதான்.

என் மகள் அம்றாவின் கலியாணத்தில் ஒரே சஹனில், ஒரே பெரிய தட்டில், கைவைத்துச் சாப்பிட்டவர்கள் நாம். முறைப்பாட்டில் என்னை 'மேற்படி நடுவர்' என்று எழுதியிருக்கிறாய். சற்று வலித்தது.

முழங்காலுக்கு அனுப்பிய சாதிக்காய் எண்ணெய் தடவுகிறாயா?

உன்,
ஜிப்ரி


பலாபத்வல
ஓகஸ்ட் 21

அன்பின் ஜிப்ரி நானாவுக்கு,

எண்ணெய் தடவினேன். வலி அப்படியே இருக்கிறது. வாசனை மட்டும் கூடியிருக்கிறது.

'மேற்படி நடுவர்' என்பது முறைப்பாட்டை டைப் அடித்துத் தந்த நோனா அம்மாவின் சொல். அவர் 'மேற்படி சூழ்ச்சிக்காரர்' என்றுதான் முதலில் அடித்தார். நான் சண்டைபோட்டுக் குறைத்தேன்.

தர்மேந்திரனுக்குக் கை குட்டை. அந்த நீர்கொழும்புக்காரன் பாக்கு மரம் மாதிரி. தூரத்தில் நின்றால் இவனுக்கு அடி மட்டுந்தான் கிடைக்கும். நெற்றியை அவன் நெஞ்சில் முட்டுக்கொடுத்து, நெருங்கி நின்று விலாவில் குத்தினால்தான் பிழைப்பு. ஒரு கையாவது விடுபட்டு வேலை செய்துகொண்டிருந்தால் பிரிக்கக்கூடாது என்பது நீங்கள் வகுப்பெடுத்துச் சொல்கிற சட்டம். இவன் கையை அக்குளில் இடுக்கிப் பிடித்தது அந்த உயரக்காரன். நீங்களோ "பிரேக், பிரேக்" என்று நாற்பத்தேழு தடவை நடுவில் நுழைந்தீர்கள். எனக்குப் பின்னால் ஒருத்தர், "இந்த ரெஃபரி மாமியார் மாதிரி, ரெண்டு பேர ஒண்ணா நிக்க வுடமாட்டாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு தீர்ப்பாளர்களின் தாளிலும் ஒரு புள்ளியால் தோற்றோம். நீங்கள் வெட்டிய இரண்டும் இருந்திருந்தால் ஒரு புள்ளியால் வென்றிருப்போம். வென்றவனுக்கு ஒக்டோபரில் துபாயில் ஒரு போட்டி. தர்மேந்திரனுக்கு முப்பத்துமூன்று வயது. விடிய எழும்பிப் பொருளாதார மத்திய நிலையச் சந்தையில் வெங்காய மூட்டை இறக்கிவிட்டுப் பயிற்சிக்கு வருகிறவன். இன்னொரு தடவை கூப்பிடமாட்டார்கள். அவன் மனைவி டிலானி தினமும் கேட்கிறாள்: "பெரியவரு நம்மளுக்குத் தெரிஞ்சவருதானே சேர், ஏன் அப்புடி செஞ்சாரு?"

அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன்.

மாணிக்கவாசகம்


மாத்தளை
ஓகஸ்ட் 25

அன்பின் மாணிக்கத்துக்கு,

சட்டப் புத்தகத்தை நான்கு தடவை படித்தேன். நடுவரின் கணிப்பே இறுதியானது என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றப் பக்கங்களைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

நாற்பத்தேழு என்பது மிகை. நாற்பது இருக்கலாம்.

நேற்று ஒரு சாக்குக் கராம்பைக் கொண்டுபோய் மிளகில் கொட்டிவிட்டேன். பீபியும் நானும் நண்பகல் லுஹர் தொழுகை வரை இருந்து பொறுக்கினோம். பொறுக்கும்போது பஸீர் ஹாஜியார் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நேர்மையெண்டா நீங்கதான் நானா! கூடிப்பழகினவன்ட ஆளுக்கே வெட்டிட்டீங்களே, அல்ஹம்துலில்லாஹ்!" பள்ளிவாசல் நிருவாகத்தில் என்னைச் சேர்க்கப் பேசுகிறார்களாம். ரோட்டில் போகிறவர்கள் நின்று ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இருபத்தாறு வருடம் நடுவராக இருந்ததில் இப்படி ஒரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.

சாப்பாடு இறங்குவதில்லை. உட்கார்ந்தால் எழும்பத் தோன்றுகிறது, எழும்பினால் போக இடமில்லை. பீபி டாக்டரிடம் போகச் சொல்கிறாள்.

ஜிப்ரி


பலாபத்வல
ஓகஸ்ட் 30

அன்பின் ஜிப்ரி நானாவுக்கு,

மண்டபத்துக்காரர்கள் எடுத்த வீடியோ கிடைத்தது. ஆறாம் சுற்றை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் குனிந்து தர்மேந்திரனின் வலக்கை இருக்கும் பக்கம் பார்க்கிறீர்கள். அப்புறம் என் மூலையைப் பார்க்கிறீர்கள். அப்புறம் சனத்தைப் பார்க்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் புள்ளியை வெட்டுகிறீர்கள்.

நடுவருக்குச் சனத்தில் என்ன வேலை, நானா?

இதைச் சங்கத்துக்குக் காட்டிப் பயனில்லை. அந்தக் கையை உங்கள் முதுகு மறைக்கிறது. ஆதாரம் ஒப்படைக்கக் கடைசி நாள் செப்டெம்பர் 8. என்னிடம் உங்கள் முதுகைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

டாக்டரிடம் போங்கள்.

மாணிக்கவாசகம்


மாத்தளை
செப்டெம்பர் 3

அன்பின் மாணிக்கத்துக்கு,

அன்று காலை நான் தம்புள்ளைக்குப் புறப்படுமுன் ஸுஹைல் மாஸ்டர் ஏலக்காய் வாங்க வந்தார். "நீங்கதானே ரெஃபரி? பொறகென்ன, மாணிக்கத்துட ஆளு வெண்டாச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே நூறு கிராமுக்கு இருநூறு நிறுத்துக் கொடுத்துவிட்டேன். மண்டபத்தில் இன்னும் மூன்று பேர் அதையே சொன்னார்கள். முதற் சுற்று முடிவதற்குள் அந்த மூன்று பேரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

தர்மேந்திரனின் கை விடுபட்டிருந்தது. ஆறாம் சுற்றிலும் எட்டாம் சுற்றிலும். பிடித்தது மற்றவன். நான் கண்ணால் கண்டேன். விட்டுவைத்தால் உனக்காகச் செய்தேன் என்பார்களே என்று பயந்தேன். உன் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்ற கவனத்தில் மறுபக்கம் விழுந்துவிட்டேன். விழுந்ததைப் பார்த்துத்தான் ஊர் ஸலாம் சொல்கிறது.

இது கறுப்பு மை என்பதைக் கவனித்திருப்பாய். முதலெழுத்தோடு பெயரும் பதவியும் போட்டிருக்கிறேன். இதை என்ன செய்வதென்று நான் சொல்லமாட்டேன். தீர்ப்புச் சொல்லி எனக்குக் களைத்துவிட்டது.

மு. ஜிப்ரி,
நடுவர்


பலாபத்வல
செப்டெம்பர் 9

அன்பின் ஜிப்ரி நானாவுக்கு,

உங்கள் கடிதம் இரண்டு நாள் என் சட்டைப் பையில் இருந்தது. யாருக்கும் காட்டவில்லை. நேற்று அதோடு பஸ் ஏறி உங்கள் கடைக்கு எதிர்ப்பக்கம் இறங்கினேன். நீங்கள் யாருக்கோ மிளகு நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். தராசைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் என்னைக் காணவில்லை. அல்லது கண்டீர்கள். பேசக்கூடாது என்பது உத்தரவு. நானும் வந்து பேசவில்லை.

பிறகு கண்டி பஸ் ஏறினேன். சங்கத்தின் கந்தோர் மூடக் கால் மணி இருக்கும்போது கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் படித்துவிட்டு, "இவரு இத ஏன் எழுதினாரு? எழுதாட்டி தப்பிச்சிருப்பாரே!" என்று என்னையே கேட்டார்.

கிழித்துப்போட்டிருந்தால் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் தர்மேந்திரனும் எதிரில் உட்காருவானே.

கோபமென்றால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

மாணிக்கவாசகம்


பலாபத்வல
ஒக்டோபர் 27

அன்பின் ஜிப்ரி நானாவுக்கு,

இடையில் இரண்டு கடிதம் போட்டேன். தீர்ப்போடு பேச்சுத் தடையும் நீங்கிவிட்டதால் பதினொரு தடவை போனிலும் அழைத்தேன். கடைக்கும் வந்தேன். "அவரு தொழப் போயிட்டாரு" என்றார் பீபி அக்கா. காலை பத்தரை மணிக்கு எந்தத் தொழுகை என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடுவர் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுத்த அறிவித்தலைக் கண்டேன். பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் வேறொருவரைப் போட்டதாகக் கேள்வி.

தர்மேந்திரன் வென்றதாகத் திருத்தினார்கள். துபாய்க்குப் போய்வந்தோம். எதிராளி இவனைவிடக் குட்டை. நெருங்கி நின்று குத்துவதில் இவனைவிடக் கைதேர்ந்தவன். நடுவர் எங்கள் இரண்டு பக்கத்திலும் எவரையும் அறியாதவர், சட்டத்தை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். இருவருக்கும் எப்போதும் ஒரு கை விடுபட்டிருந்தது. ஆறு சுற்றிலும் அவர் ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. ஏழாம் சுற்றுக்கு மணி அடித்தபோது தர்மேந்திரன் ஸ்டூலிலிருந்து எழும்பவில்லை.

இடது கண்ணில் அவனுக்கு இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

மாணிக்கவாசகம்