அளவுச் சாப்பாடு

நவ. 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். மூன்றாம் பீரியட் முடிந்ததும் ரிப்போர்ட் கைக்கு வந்தது. போன வாரம் பள்ளி முகாமில் எடுத்த ரத்தம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.2.

திரும்பும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினேன். டாக்டருக்கு என் பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். "சுகர் இன்னும் வரல மேடம். வாசல்ல நிக்குது." மாத்திரை வேண்டாமாம். சோறு பாதி, தினம் அரை மணி நடை, மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம்.

எல்லாருக்கும் இதையேதான் சொல்வீர்களா என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இதேதான். யாரும் செய்யறதில்ல."

பிடித்துவிட்டது இந்தப் பெண்ணை. ஆனாலும் ரிப்போர்ட்டை முழுசாக நம்பவில்லை. எடுத்த ரத்தம் அன்று மத்தியானம் வரை மேசையிலேயே கிடந்ததைப் பார்த்தேன். சனிக்கிழமை வில்லியனூரில் வேறு லேபில், வெறும் வயிற்றில், இன்னொரு முறை.

வீட்டில் சொல்லவில்லை. அண்ணிக்குத் தெரியவே வேண்டாம். என் கணவரின் அக்கா. அவர் வீட்டுக்காரர் சர்க்கரையில் போனவர். கரும்புக் கட்டை குத்திய புண், ஆறவேயில்லை. அதற்குப் பிறகு இங்கே வந்து இருபத்திரண்டு வருஷமாக இந்த வீட்டுச் சமையல் அவருடையது. நான் வேலைக்குப் போக முடிந்தது அதனால்தான்.

நவ. 11, செவ்வாய்

சர்க்கரை இல்லாத டீ. குடித்தேன், அவ்வளவுதான்.

ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன், கணக்கு டீச்சர். மதியத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுவதும் வைத்தியர்கள். வந்த மருந்துகள்: ஊறவைத்த வெந்தயம், ஆவாரம்பூ, கொய்யா இலை, பாகற்காய்ச் சாறு, இன்னும் பெயர் தெரியாத ஏதோ ஒரு பட்டை.

"எங்க சித்தப்பாவுக்கு நல்லாக் கேட்டுது மேடம்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"அவரு போயி நாலு வருஷம் ஆவுது."

சாயங்காலம் பாதி தூரம் நடந்தேன். ஏரிக்கரை முழுக்கச் சேறு. செருப்பு வார் அறுந்தது.

இரவுச் சாப்பாடு: கருவாட்டுக் குழம்பு. ஒரு கரண்டி சோறு விழுந்ததும் தட்டின் மேல் கையை வைத்தேன்.

"இன்னாமா, கொழம்பு நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கு அண்ணி. பசி இல்ல."

அண்ணியின் கரண்டி சட்டியில் சத்தமாக விழுந்தது.

நவ. 12, புதன்

மழை விடுமுறை. துணி காயவில்லை. பத்தாம் வகுப்பு விடைத்தாள் முப்பது திருத்தினேன். மதியமும் ஒரு கரண்டிதான்.

இவர் வயலில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு வந்தார். மோட்டார் ரூம் பக்கம் என்னைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில்:

"அக்கா இன்னா தப்பு பண்ணிச்சி?"

"ஒண்ணும் இல்லியே."

"அப்புறம் எதுக்கு ரெண்டு நாளா கோவத்த சோத்து மேல காட்டற? அது காலயிலேந்து அழுவுது."

"பசி இல்லன்னுதானே சொன்னேன்."

"கோவமா கீறவங்க எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

உண்மைதான். இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கோபப்பட்டதில்லை. சோற்றைக் குறைப்பார்கள். மாமனார் ஒரு கரண்டியில் கையை எடுத்தால் அன்று வீடே நடுங்கும். நானே ஒரு முறை செய்திருக்கிறேன், காரைக்காலுக்கு மாற்றல் வந்தபோது. எப்படி மறந்தேன்?

அண்ணி காரணம்கூடக் கண்டுபிடித்துவிட்டாராம். என் பழைய புடவை இரண்டைக் களை எடுக்க வந்த அஞ்சலைக்குக் கொடுத்தாராம், அதற்குத்தான் இந்தக் கோபமாம். அந்தப் புடவைகள் போனதே எனக்குத் தெரியாது.

இவரிடமும் சொல்லவில்லை. அரை மணி தாங்காது, அக்கா காதுக்குப் போய்விடும்.

நவ. 13, வியாழன்

அண்ணியும் ஒரு கரண்டியோடு எழுந்துவிட்டார். பதிலுக்குப் பதில். நடுவில் இவர் மட்டும் முழுத் தட்டு, யாரையும் பார்க்காமல்.

இன்று பஸ்ஸில் கணக்கு போட்டேன். டைரியில் இரண்டு நாளும் "ஒரு கரண்டி, ஒரு கரண்டி" என்று இருக்கிறது. எழுதாதது:

– காலையில் அடுப்பங்கரையில் நின்றபடி பழைய சோறு, மோர் ஊற்றி. வீணாகக் கூடாதே.
– பானை கழுவும்போது அடிச்சோறு, இரண்டு வாய். மூன்றாகவும் இருக்கலாம்.
– நேற்று இவர் வைத்த மிச்சம்.

தட்டில் குறைத்ததைவிட நின்றுகொண்டு தின்றது அதிகம். தட்டில் விழாததைச் சாப்பாடு என்றே நான் நினைக்கவில்லை. எம்.எஸ்ஸி. தாவரவியல். பக்கத்து சீட்டு அம்மாள் என் சிரிப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

கோளாறு தட்டில் இல்லை. உலையில்தான். நாங்கள் மூன்று பேர். பொங்குவது இப்போதும் ஐந்து பேருக்கு. மாமனார் இறந்து ஆறு வருஷம், மகள் பெங்களூரில். அரிசி அளப்பது அண்ணியின் கை. உலையில் குறைத்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்.

சொல்லித்தான் ஆக வேண்டும். சர்க்கரையைவிட அந்த முகத்தை நினைத்தால்தான் பயம்.

நவ. 14, வெள்ளி

குழந்தைகள் தினம். எனக்கு வந்த மிட்டாய்கள் ஏழு. எல்லாவற்றையும் ஆறாம் வகுப்பிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் ஒன்று தேங்காய் பர்பி. வருத்தம்.

ஐந்து மணிக்குத் தோட்டத்துப் பக்கம் அண்ணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உருவினேன். சொன்னேன். கோபம் இல்லை, புடவை இல்லை, இதுதான் என்று.

கை நின்றது.

"எவ்ளோ?"

"ஆறு புள்ளி ரெண்டு. அண்ணனுக்கு இருந்த மாதிரி இல்ல அண்ணி. இது இன்னும் நோயே இல்ல."

"அவருக்கும் நான்தான் ஆக்கிப் போட்டேன். ஒனக்கும் நான்தான் போட்டேன்."

அப்படி இல்லை என்றேன். என் அம்மா வழி, வயது, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. வகுப்பில் பேசுவது போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை.

"நீ படிச்சவ. சொல்லுவ."

கையைப் பிடித்திருக்கலாம். எனக்கு அதெல்லாம் வராது. அதற்குப் பதில் கேட்டது: "நீங்க எப்ப ரத்தம் பாத்தீங்க?"

"எனக்கு எதுக்கு? பாத்தாத்தான் வரும்."

"நாளைக்கு என்கூட வாங்க."

"போடி." ஒரு ஈர்க்கு என் மேல் விழுந்தது.

இத்தனை வருஷத்தில் அண்ணி என்னை 'டி' போட்டது இதுதான் முதல் தடவை.

இரவு பானை பாதிதான். எனக்கு ஒரு கரண்டி, தனக்கும் ஒரு கரண்டி, மீதி தம்பிக்கு. கிண்ணம் நிறையக் கீரை.

"இன்னாக்கா, சோறு அவ்ளோதானா?"

"கீர கீது பாரு, துன்னு."

இவர் என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன். ரசம் நன்றாக இருந்தது.

நவ. 15, சனி

லேபில் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை விட்டிருக்கிறது.

ஆறேகாலுக்குச் செருப்பை மாட்டும்போது அண்ணி கேட் அருகே. கல்யாணத்துக்குக் கட்டும் நீலப் புடவை, கையில் மஞ்சள் பை.

"எங்க அண்ணி?"

"வெறும் வயித்துலதான போவணும்? ஒலையே வைக்கல. அவன் கடையில இட்லி துன்னுக்கட்டும்."

வில்லியனூரில் இறங்கியதும் அண்ணி:

"வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

"பொய்யி."

"பொய்தான்."

இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தேன். முதலில் என்னுடையது. எதிரே உட்கார்ந்த ஒரு பெரியவர் அண்ணியிடம், "யாருக்கும்மா சுகரு?" அண்ணி: "எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. சும்மா பாக்க வந்தோம்."

இப்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் பேனாவை மூடுவதற்குள் அண்ணி எழுந்து போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கையை நீட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.