டிரைவர் மாப்பிள்ளை

தை 12, செவ்வாய், ராத்திரி

தூக்கம் வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

எட்டு மணி சீரியலில் கதாநாயகன் லாரி டிரைவர். அவனைக் காதலிக்கிறவளின் அம்மா இன்றைக்கு, "டிரைவருக்கு ஊருக்கு ஒருத்தி இருப்பா" என்றாள். அப்பாவுக்கு வந்ததே ஆத்திரம்! "உழைக்கிறவனைப் பாத்து என்ன பேச்சுப் பேசுறா பாரு" என்று டிவியைப் பார்த்துத் திட்டினார். கூலிக்கு நடவு நட்ட அதே நிலத்தைக் கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய் வாங்கிய தாத்தாவின் பிள்ளை. அவர் சொன்னால் நம்பத்தானே தோன்றும்?

நம்பினேன். விளம்பரம் வந்ததும், செல்வத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். செல்வம் அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். போன வருஷம் மழைக்கு முந்தி எங்கள் நெல்லை அறுத்துக் கொடுத்ததும் அவர்தான். "தம்பி, தம்பி" என்று அப்பா அவர் பின்னாலேயே அலைந்தார்.

அப்பா டிவியை அணைத்தார். "டிரைவருக்கு ஊருக்கு ஒருத்தி இருப்பாடி" என்றார். அப்படியே அந்த சீரியல் அம்மாவின் வசனம்.

"அப்ப, இவ்வளவு நேரம் அவளைத் திட்டுனீங்களே?"

"அது கதை."

அப்புறம் அடுப்படியில் அம்மாவிடம் பேசியது எனக்குக் கேட்டது. "நாளைக்கு நம்ம வயல்ல அறுப்பு. இவளை அந்தப் பக்கம் விடாத. அவனுக்கு மீன் குழம்பு வச்சு நல்லா சோறு போடு. மேகம் வேற கூடி நிக்குது. நான் பொண்ணு தரமாட்டேன்னது தெரிஞ்சா மெஷினைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவான்."

விடியற்காலையில் எழுந்து அந்தக் குழம்பை நான்தான் வைக்க வேண்டுமாம்.