இன்று உள்ளே போகலாம்

அன்புள்ள அண்ணா,

அம்மாவோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். இந்தக் கடிதத்தையாவது முழுக்கப் படி.

நான் புற்றுநோய் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அம்மாவும் அங்கே நோயாளியாக வந்தாள். சொந்தக்காரர்களுக்கு நாங்கள் மருந்து கலக்கக் கூடாது. கை நடுங்கும் என்பதால் அப்படி ஒரு விதி. அவளுக்குக் கலக்கும்போதெல்லாம் நான் கண்ணாடி அறைக்கு வெளியேதான்.

“பெத்த பொண்ணு மருந்துக்காரி, எனக்குக் கலக்குறது ஊரார் வீட்டுப் பிள்ளை!” என்று நர்ஸிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இன்றும் அவளுடைய முறை. வழக்கம்போல வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் சீனியர் அக்கா பக்கத்தில் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், “இன்னைக்கு நீயே உள்ள போய்க் கலக்கலாம்மா” என்றார்.

உள்ளே அடுக்கியிருந்த மருந்துச் சீட்டுகளில் அம்மாவுடையது இல்லை. டாக்டர்கள் அவளுக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள், இனிமேல் இருக்காது என்றும் புரிந்தது.

கவுனை மாட்டிக்கொண்டு யார் யாருக்கோ கலந்தேன். கை நடுங்கவே இல்லை, அண்ணா.

உன்னைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், வாசல் தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள். அவ்வளவுதான்.

உன் தங்கை