மாதகல் கடலடியில் கண்ட வெள்ளை

என்ரை செல்லத் தங்கச்சி வதனி,

உன்ரை கடலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். நீ நம்ப மாட்டாய். கரையில் கால் நனைக்கவே பயப்படுகிற உன்ரை அக்கா, ஐம்பத்தெட்டு வயதில், சுடிதாருக்கு மேல் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாதகல் கடலுக்குள் இறங்கினாள் என்றால் பாரன்.

ரேணுகாதான் வந்து கூப்பிட்டாள். உன்னோடு சேர்ந்து இத்தனை வருசம் கடலடிப் பவளமான முருகைக் கற்களை ஆராய்ந்தவள், உன்ரை செத்தவீட்டில் கடைசிவரை நின்றவள். "அக்கா, சித்திரை முடிய வதனி தவறாமல் போய்ப் பாக்கிற இடம் அது. இந்த முறை தனியப் போக எனக்கு மனம் வரேல்லை. நீங்கள் சும்மா வள்ளத்திலை இருந்தாலே போதும்" என்றாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் அங்கே போன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கடல் அசைவில்லாமல் கிடந்தது. கையை வைத்துப் பார்த்தேன், குளிக்க வைத்த வெந்நீர் போல இளஞ்சூடு. அது எனக்கு நல்லதாகத்தான் பட்டது. ரேணுகா தந்த கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு மெல்ல இறங்கினேன். வள்ளத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

எல்லாம் வெள்ளை, வதனி. மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்டவை, தட்டு மாதிரி விரிந்தவை, மூளையின் மடிப்புப் போல வரிவரியாக உருண்டு கிடந்தவை, அத்தனையும் பால்வெள்ளை. வெயில் பட்டு, உள்ளுக்குள் விளக்கு எரிவது போல மின்னின. இதையா நீ இத்தனை வருசமும் எனக்குக் காட்டாமல் தனியப் பார்த்தாய் என்று உன்னோடு சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது.

தலையைத் தூக்கி, "ஐயோ ரேணுகா, என்ன வடிவு! கலியாணவீடு மாதிரி இருக்குது!" என்று கத்தினேன்.

திரும்பிப் பார்த்தால், அவள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்கள் பாக்கிறது அதின்ரை எலும்பை."

எனக்கு விளங்கவில்லை. அவள் விக்கி விக்கிச் சொன்னாள். நாங்கள் கல் என்று நினைக்கிறது ஒரு சீவனாம். கடலில் கண்டால் நாங்கள் விலகி ஓடுகிற, குடை மாதிரி மிதக்கிற சொறிமீனுக்கு உறவாம். அதின்ரை சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து சாப்பாடும் நிறமும் கொடுக்குமாம். தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால், அந்தப் பாசியை முருகையே வெளியே தள்ளிவிடுமாம். பிறகு மிஞ்சுவது கண்ணாடி போன்ற சதையும், அதற்குள்ளால் தெரிகிற வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பும்தான்.

"அப்ப எல்லாம் செத்திட்டுதா?"

"இல்லை அக்கா. இன்னும் உயிரோடைதான் நிக்குது. பட்டினி கிடக்குது."

தையில் உனக்கு டெங்கு வந்தபோது, நாலைந்து நாள் எரித்த காய்ச்சல் ஒருநாள் விடியக்காலமை இறங்கியது. நெற்றி குளிர்ந்து, முகம் தெளிந்து, நீ அமைதியாகக் கிடந்தாய். சுகமாகிவிட்டது என்று நான் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னேன். காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் கவனம் என்று டொக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். பின்னேரம் நீ இல்லை. அந்தத் தெளிந்த முகத்தை அன்றைக்குக் கடலுக்கடியில் திரும்பவும் பார்த்தேன். உனக்கு இது தெரிந்திருக்குமா? ஒவ்வொரு வருசமும் இந்தப் பயத்தோடுதானா வள்ளம் ஏறினாய்?

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மத்தியான வெயிலைக் கண்டாலே ரேணுகாவுக்குப் போன் எடுப்பேன். ஆவணியில் திரும்பவும் போனோம்.

போகிற வழியில் அவள் ஒரு செய்தி சொன்னாள், நீ கேட்டால் துள்ளியிருப்பாய். நீ ஒரே குடும்பம் என்று பெயர் எழுதி வைத்த இரண்டு முருகைகளின் மரபணுவைப் படித்துப் பார்த்தார்களாம். உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள், உண்மையில் ஒன்றுக்கொன்று அந்நியமாம். "வதனி இருந்தால் முதலிலை கோவிப்பாள், பிறகு இரவிரவாத் திருத்தி எழுதுவாள்" என்று சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் சொன்னாள். இவற்றுக்கு முன்னம் இந்த உலகத்தில் வேறு கல்முருகைகள் இருந்து, ஒன்று மிச்சமில்லாமல் அழிந்துபோயினவாம். பிறகு வந்தவைதான் இவை. எலும்பு இல்லாத வெறும் சதையாக எங்கேயோ உயிர் தப்பிய ஏதோ ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்று சிலர் சொல்லுகினமாம். "அப்ப இனியும் அப்பிடித் தப்புமா?" என்று கேட்டேன்.

"தெரியாது அக்கா" என்றாள்.

மான்கொம்பு முருகைகள் தப்பவில்லை, வதனி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கிளை கிளையாக ஒடிந்து, மேலே பச்சை வழுவழுப்புப் படர்ந்து கிடந்தன. மீன்களையும் காணவில்லை. ஏறிவிடுவோம் என்று நினைத்தபோது ரேணுகா என்ரை தோளைத் தட்டிக் கையை நீட்டினாள். வாசற்கதவு அகலத்தில் ஒரு மூளைமுருகை. ஒரு பக்கம் செத்து, அதே பச்சை வழுவழுப்புப் பிடித்திருந்தது. மறுபக்கம்?

"என்ன நிறம் அக்கா? எனக்குக் கண் கலங்குது, நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ!"

"மண்ணிறம். சாணகம் மாதிரி மண்ணிறம்!"

"அதுதான் அக்கா! உள்ளுக்குக் குடியிருந்த பாசி திரும்பி வந்திட்டுது!"

நடுக்கடலில் இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக் கத்தியதைப் பார்த்து, வள்ளக்காரர் எங்களை ஏதோ கடித்துவிட்டது என்று பயந்துபோனார்.

வாடைக்காற்று தொடங்க முன்னம் இன்னொரு முறை போவோம். அந்தப் பாதி முருகை மற்றப் பக்கத்தையும் மூடி வளர எத்தனை வருசம் எடுக்குமோ தெரியாது. எனக்கு உடம்பில் தெம்பு இருக்கும்வரை, ஒவ்வொரு வருசமும் சித்திரை முடிய நான் போவேன். கண்டதைக் கண்டபடி உனக்குச் சொல்லுவேன். இது சத்தியம்.

உன்ரை கூடப்பிறந்த அக்கா,
பண்டத்தரிப்பிலிருந்து.